உடையும் என்று மட்டும் தெரிந்த எண்

லேபில் ஒரு சிஸ்டம் நிற்க மாட்டேன் என்கிறது என்று மாணவன் ஒருவன் வந்து சொன்னபோது, ஷீலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வாய் வைப்பதற்குள் டப்பாவை மூட வேண்டியதாயிற்று. அது அவளுக்குப் பழகிப்போன விஷயம். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, ஜிஎஸ்டி சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் கணினி லேபுக்கு அவள்தான் பொறுப்பு. பாஸ்வேர்டை மறந்தவர்கள், பிரிண்டரில் பேப்பரைச் சிக்கவைத்தவர்கள், பென் டிரைவைத் தொலைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது அவள் மேஜை முன்னால்தான்.

போய்ப் பார்த்தாள். சிஸ்டம் உறைந்துபோயிருக்கவில்லை. உள்ளே விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் வரிவரியாக எண்கள். மேலே சின்ன எண், அதற்குக் கீழே அதைவிடப் பெரியது, அதற்குக் கீழே அதைவிடப் பெரியது. ஒரு கட்டத்துக்குமேல் புதிதாக எதுவும் வரவில்லை. பக்கத்தில் கணக்கு உதவிப் பேராசிரியர் சூர்யநாராயணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நிறுத்திடவா சார்? ஹேங் ஆகல. என்னமோ கணக்குப் போட்டுகினே இருக்குது."

"நிறுத்திடுங்க மேடம். அது முடியற கணக்கு இல்ல."

"முடியாதுன்னா?"

"யாருக்கும் இதுவரைக்கும் முடியல. உலகத்துலயே."

மாணவர்கள் சாப்பிடப் போன பிறகு அவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். உடைந்த துண்டுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக ஒட்டி எழுதினால் புது எண் கிடைக்கும். அதையும் உடைக்க வேண்டும். பத்து என்பது இரண்டு, ஐந்து. ஒட்டினால் 25. அது ஐந்து, ஐந்து. ஒட்டினால் 55. அது 5, 11. ஒட்டினால் 511. அது 7, 73. ஒட்டினால் 773. அதை உடைக்க முடியாது, அது பகா எண். கணக்கு முடிந்தது.

"பத்து தன் வீட்டுக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு சொல்லுவாங்க," என்றார் சூர்யநாராயணன். "நூறுக்குக் கீழ இருக்கற எண்ணெல்லாம் அநேகமா இப்படி வந்து சேர்ந்துடும். நாற்பத்தொன்பது மட்டும் சேரல. அப்புறம் எழுபத்தேழு. ஆனா அது நாற்பத்தொன்பதோட பாதையிலயே இருக்கறதுதான்."

49 என்பது ஏழு, ஏழு. ஒட்டினால் 77. அது 7, 11. அதனால் 711. அதை உடைத்தால் 3, 3, 79. அதனால் 3379. இப்படியே நூறு படிகளுக்கு மேல் ஏறி, இப்போது சுமார் இருநூற்றைம்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணில் வந்து நிற்கிறது. எவ்வளவோ பேர் எவ்வளவோ கணினிகளை வைத்துப் பார்த்தும் அந்த எண் உடையவில்லை.

"அதுவும் அந்த 773 மாதிரி உடைக்க முடியாத நம்பரா இருந்துட்டா?"

"இல்ல மேடம். அது உடையும். அது நிச்சயம்."

"உடைக்காமலே எப்படி சார் தெரியும்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "பகா எண்ணா இருந்தா ஒரு குறிப்பிட்ட கணக்குல மீதி ஒண்ணு வந்தே ஆகணும். இதுக்கு வரல. அதனால உள்ள துண்டுகள் இருக்கு. ஆனா அந்தத் துண்டு எதுன்னு அந்தக் கணக்கு சொல்லாது."

அன்றைக்கு ஷீலா சாப்பிட மறந்துபோனாள்.

அவள் படித்தது பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமோ. அப்பா பள்ளிக்கரணையில் கொத்தனார். அவர் கட்டிவிட்டுப் போன இரண்டு அறை வீட்டில்தான் அவளும் கணவன் எபியும் இருந்தார்கள். எபி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்பவன். குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலமெல்லாம் முடிந்து, சர்ச்சில்கூட அதைப் பற்றி யாரும் விசாரிக்காத வயதுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டிருந்தார்கள். ஷீலாவின் நாள் முழுக்க யாரோ ஒருவர் சொன்ன வேலையைச் செய்வதிலேயே போகும். யாரும் சொல்லாமல், யாருக்கும் வேண்டாமல், உடையும் என்று தெரிந்தும் உடையாமல் இருக்கிற ஒன்று அவளை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

அந்த வாரமே அவள் சூர்யநாராயணனிடம் போய்க் கேட்டாள். "சார், சாயங்காலம் லேப் மூடினா காலையில வரைக்கும் எல்லா சிஸ்டமும் சும்மாதான கெடக்குது? அதுல இந்த நம்பரை ஓட்டிப் பார்க்கலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மறுநாள் வந்து, "பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன் மேடம். ஓகேன்னுட்டார்," என்றார்.

அதற்கான நிரல் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. அதை எல்லா சிஸ்டத்திலும் ஏற்றி, லேப் மூடிய பிறகு தானாகத் தொடங்கி, காலையில் மாணவர்கள் வருவதற்குமுன் தானாக நிற்கும்படி ஏற்பாடு செய்தவள் ஷீலா. கணக்கின் உள்விவரம் பார்த்தது சூர்யநாராயணன். ஒவ்வொரு சிஸ்டமும் குருட்டாம்போக்கில் ஒரு 'கர்வ்', அதாவது ஒரு வளைகோட்டுச் சமன்பாடு, எடுக்கும். அதை வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடும். அதிர்ஷ்டம் இருந்தால் எண்ணின் ஒரு துண்டு கையில் விழும். இல்லாவிட்டால் அதை எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கும். இதில் கொடுமை என்னவென்றால், நேற்று தோற்றதை வைத்து இன்றைக்கு ஒரு பயனும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான். ஆயிரக்கணக்கில் தோற்ற பிறகு, 'இந்த அளவுக்குள் துண்டு எதுவும் இல்லை போலிருக்கிறது' என்று மட்டும் சொல்லலாம். அதுவும் 'போலிருக்கிறது'தான்.

காலையில் லேபைத் திறந்ததும் ஷீலா செய்கிற முதல் வேலை முடிவுகளைப் பார்ப்பது. ஒன்றும் இருக்காது. அது அவளை வருத்தவில்லை. ஒன்றும் இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் அவளால் அன்றைய வேலையைத் தொடங்க முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. சூர்யநாராயணன் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். "ஏதாவது?" என்பார். "இல்ல சார்," என்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

எபிக்கு இது விளங்கவே இல்லை. ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான். "சரி, ஒடைஞ்சிருச்சுன்னு வச்சிக்க. அப்பால இன்னா?"

"அப்பால அந்தத் துண்டுங்கள ஒட்டணும். இன்னொரு பெரிய நம்பர் வரும்."

"அத்தயும் ஒடைக்கணுமா?"

"ஆமா."

எபி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேஜாரு," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

கல்லூரிக்குப் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வந்தது அந்த வருஷத்துத் தேர்வு சீசனில். முதல் கட்டம் கணினியில் எழுதும் தேர்வு. இறுதியாண்டு மாணவர்கள் மொத்தப் பேரும் பல அணிகளாக எழுதினார்கள். ஷீலா முதல்நாளே எல்லா சிஸ்டத்தையும் சரிபார்த்து வைத்திருந்தாள். தேர்வு நாளன்று விடிகாலையில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அவள் வருவதற்குமுன்பே மின்சாரம் திரும்பி, எல்லா சிஸ்டமும் தாமாக எழுந்துகொண்டிருந்தன. கடைசி இரண்டு வரிசையில் இருந்தவை பழையவை. உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி அவற்றில் செத்துப்போயிருந்தது. மின்சாரம் போனால் நேரம் தப்பிவிடும். அது ஷீலாவுக்குத் தெரியும். பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள், வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் பந்தல், நிறுவனத்து ஆட்களுக்குக் காபி, இணைய இணைப்பு என்று ஆயிரம் ஓட்டத்தில் அவள் பார்க்கவில்லை.

முதல் அணி தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் காதில் விழுந்தது விசிறிச் சத்தம். கடைசி இரண்டு வரிசையிலும் விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமெடுத்தன. மற்ற யாருக்கும் அது ஒன்றுமில்லை. ஷீலாவுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். அந்தப் பழைய சிஸ்டங்கள் சாயங்காலம் ஆகிவிட்டது என்று நினைத்து எண்ணை எடுத்துக்கொண்டுவிட்டன.

ஓடினாள். ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து நிறுத்தினாள். திரைகள் அசையாமல் நின்றிருந்தன. மாணவர்கள் மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வின் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை, அது அந்த நிறுவனத்துக் கணினியில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, மறுபடி உள்ளே நுழைவதற்குள் பலருக்கு நேரம் முடிந்து, பாதி எழுதிய விடைத்தாள் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓரத்து இருக்கையில் ஒல்லியான பெண்ணொருத்தி, மாளவிகா என்று பெயர், திரையை நோக்கிக் கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. ஷீலா நெருங்கியபோது, "மேடம், எனக்கு எல்லாம் தெரிஞ்ச கேள்வி மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுதேர்வு கிடையாது என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது.

விசாரணை பிரின்சிபால் அறையில் நடந்தது. ஷீலா எதையும் மறைக்கவில்லை. என்ன ஓடியது, எப்படித் தொடங்கியது, எங்கே தான் கவனிக்கத் தவறினாள் என்று வரிசையாகச் சொன்னாள்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?" என்றார் பிரின்சிபால்.

"உங்ககிட்ட சொல்லிட்டதா சூர்யா சார் சொன்னாரு சார்."

பிரின்சிபால் திரும்பிப் பார்த்தார். சூர்யநாராயணன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே ஒப்பந்தத்தில் இருப்பவர். முனைவர் பட்டம் இன்னும் முடியவில்லை. மனைவிக்குப் பிரசவ நேரம். இதெல்லாம் ஷீலாவுக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

"வகுப்புல ஒரு பயிற்சியாத்தான் சார் கொடுத்தேன்," என்றார் சூர்யநாராயணன், தரையைப் பார்த்தபடி. "காலேஜ் சிஸ்டத்துல இப்படி ஓடறது எனக்குத் தெரியாது."

ஷீலா வாயைத் திறந்தாள். அதற்குள் ஓரத்து இருக்கையில் கைகூப்பியிருந்த அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நேரத்தைப் பார்க்காமல் விட்டது தான்தானே. மூடிக்கொண்டாள். அன்று மதியமே ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்கள். அவள் லேபை விட்டு வெளியே வரும்போது உள்ளே இன்னொருவர் எல்லா சிஸ்டத்திலிருந்தும் அந்த நிரலை அழித்துக்கொண்டிருந்தார்.

வேறு கல்லூரிகளில் கேட்டாள். முந்தைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்த பிறகு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், பள்ளிக்கூட அட்மிஷன் என்று ஆன்லைன் வேலைகளும் அங்கே உண்டு. தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ஓடுகிற அத்தனை பஸ்ஸின் புகையும் கடைக்குள் வந்துதான் திரும்பும்.

ஒரு மதியம் கூட்டமில்லாத நேரத்தில் அவள் உலகம் முழுக்க அந்த எண்ணைத் துரத்துகிறவர்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கத்தைத் திறந்தாள். யார் எவ்வளவு தூரம் தேடித் தோற்றார்கள் என்று அங்கே அறிவிப்பார்கள், அடுத்தவர் அதே இடத்தில் தேடி வீணாக்கக் கூடாது என்பதற்காக. கல்லூரி லேபில் ஓட்டிய அத்தனையும் அங்கே இருந்தது. அறுபது இலக்கத்துக்குள் துண்டு எதுவும் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு. கீழே சூர்யநாராயணன் பெயர். தேதியைப் பார்த்தாள். விசாரணை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு போட்டது.

வீட்டுக்கு வந்து எபியிடம் சொன்னபோது அவன் எகிறிக் குதித்தான். "அன்னிக்குத் தெரியாதுன்னான், இன்னிக்குத் தன் பேரைப் போட்டுகினானா? அத்த பிரிண்ட் எட்து பிரின்சிபாலாண்ட போய்க் குடு. மூஞ்சில அடிச்சா மாரி."

"குடுத்தா இன்னா ஆவும்? அவரு வேலையும் போவும். எனக்கு வராது."

"பரவால்ல, போவட்டும்!"

"கொழந்த பொறந்து கீதுங்க அவருக்கு."

எபி கதவை அறைந்துவிட்டுப் போனான். ஷீலா சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுதும் உண்மையும் இல்லை. தோற்றுப்போன கணக்குக்குக்கூடத் தன் பெயர் வேண்டும் என்று அவருக்கு இருந்ததே, அதுதான் அவளை உள்ளுக்குள் அடித்தது. கூடவே அவள் பெயரையும் போட்டிருக்கலாமே என்று ஒரு பக்கம். அப்படிப் போட்டிருந்தால், தெரியாது என்று சொன்னவர் மாட்டிக்கொண்டிருப்பாரே என்று இன்னொரு பக்கம். அதற்குமேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓர் ஆண்டு சூர்யநாராயணன் அந்தக் கல்லூரியிலேயே இருந்தார். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒருநாள் எதிரே வந்தார். தோளில் குழந்தை. ஷீலாவைப் பார்த்ததும் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோனார். பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

கடை முதலாளி கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியை ஷீலா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் மறுபடி எண்ணை ஓட்டத் தொடங்கினாள். ஒற்றைக் கணினியால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அறையின் மூலையில் அது நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். எபி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற விஷயங்களைப் பேசுவதும் குறைந்துபோயிற்று. சாப்பாடு, கரண்ட், தண்ணீர் லாரி. அவ்வளவுதான்.

மிக்ஜாம் புயல் வந்த டிசம்பரில், விடிந்து கதவைத் திறந்தபோது தெரு தெரியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் எல்லையை மறந்து வீட்டு வாசலில் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. பக்கத்து மாடி வீட்டு அம்மணி அக்கா தன் கதவைத் திறந்துவைத்து, "மேல தூக்கினு வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள். அரிசி, சிலிண்டர், துணி, சான்றிதழ்ப் பை என்று எபி ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது மறுபடி இறங்கிவந்து மூலையில் இருந்த கணினியை வயரோடு பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

"அத்த வுடுங்க. போனா போவுது," என்றாள் ஷீலா.

"இத்தினி நாளா இத்த வச்சிகினுதான கீற. வுட்டா அப்பால இன்னா பண்ணுவ நீ?"

அவன் கோபமாகத்தான் சொன்னான். அவன் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். பாசி பிடித்த படி. நடுப்படியில் அவன் கால் வழுக்கியது. கணினியை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் விடவில்லை. கணினி அவன் மடியில் பத்திரமாக இருந்தது, கணுக்கால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத திசையில் திரும்பியிருந்தது.

படகு வர மறுநாள் ஆயிற்று. காலில் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவனால் லைனில் நிற்க முடியவில்லை. தொழிற்சாலையில் கேட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வருகிற லாரிகளின் நம்பரை எழுதுகிற வேலை. கொஞ்சம் நொண்டி நடப்பான். மழைக்காலத்தில் வலி என்று சொல்ல மாட்டான், பல்லைக் கடித்துக்கொள்வான்.

கணினி அம்மணி அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்தது. ஷீலா அதற்குப் பழைய புடவையைச் சுற்றிப் பரணில் வைத்தாள். சில மாதம் கழித்து எபியே கேட்டான்.

"இன்னா, அத்தப் போடல?"

"இல்லங்க."

"நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீது."

கணினி பரணிலேயே கிடந்தது.

அடுத்த கோடையில் ஒருநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு கோப்பு. கல்யாணத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதற்கு நகல்கள் எடுத்து ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும் என்றாள். முதலில் ஷீலா அவளை அடையாளம் காணவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எந்திரத்தில் வைக்கும்போது கல்லூரியின் பெயரும், அதற்குக் கீழே மாளவிகா என்ற பெயரும் கண்ணில் பட்டன. மதிப்பெண்கள் அத்தனையும் நன்றாக இருந்தன.

"ஷீலா மேடம்தானே?" என்றாள் அந்தப் பெண். "லேப்ல இருந்தீங்களே."

"ஆமாம்மா. கல்யாணமா? எப்ப?"

"ஆனியில. அவர் பஹ்ரைன்ல இருக்கார்." சொல்லிவிட்டு மாளவிகா சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமலே சொன்னாள்: "வேலைக்கு ட்ரை பண்ணேன் மேடம். அன்னிக்கு அந்த டெஸ்ட்ல போச்சா, அப்புறம் எந்த டெஸ்ட்டுக்குப் போனாலும் ஸ்க்ரீன் நின்னுடும்னு ஒரு பயம். எங்கப்பா, கூடப் படிச்சவா எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணலையா, உனக்குத்தான் படிப்பு மண்டையில ஏறலைன்னுட்டார்."

"அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"சர்வர் ப்ராப்ளம்னு சொன்னாங்க."

ஷீலா எந்திரத்தை நிறுத்தினாள். வெளியே ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை காத்திருந்து, சொன்னாள். எண்ணைப் பற்றி, பேட்டரியைப் பற்றி, நேரத்தைப் பார்க்காமல் விட்டதைப் பற்றி. சூர்யநாராயணன் பெயரை அவள் எடுக்கவில்லை.

மாளவிகா தன் சான்றிதழ்களைக் கோப்பில் திருப்பி வைத்தாள். பிறகு, "அந்த நம்பர் உடைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இன்னும் உடையல."

"ஓ," என்றாள் மாளவிகா. நகல்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "இத எங்கப்பாகிட்ட சொல்வீங்களா?"

அவள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஷீலா முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்படியே அவளோடு கிளம்பினாள். சந்திப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் காலனி. மாளவிகாவின் அப்பா பெயர் தோத்தாத்ரி, வங்கியில் அதிகாரி. அன்று விடுப்புப் போட்டுவிட்டுக் கூடத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "உட்காருங்கோ," என்றார். மனைவி பட்டு காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஷீலா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

தோத்தாத்ரி விரல் நுனியில் மஞ்சளோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்போ, இவளுக்கு மட்டுமா நின்னுது?" என்றார்.

"அந்த ரெண்டு வரிசைக்கும் சார். அதுல இருந்த யாரும் சரியா எழுதல. எழுத முடியல."

"இவ சொன்னா. நான்தான், எல்லாரும் சொல்ற சாக்குன்னு..." நிறுத்திக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. பத்திரிகை ஒன்றை எடுத்து, மஞ்சள் தடவி, கீழே வைத்தார். "இப்ப வந்து சொல்றேளேம்மா. நான் என்ன பண்ணட்டும்? மண்டபம் பேசியாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"எதுவும் பண்ணச் சொல்லி வரல சார். அவங்க மேல தப்பில்லன்னு உங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுது," என்றார் தோத்தாத்ரி.

கூடத்தில் மின்விசிறிக்காற்றில் பத்திரிகைகளின் ஓரங்கள் மட்டும் படபடத்தன. பட்டு உள்ளே போய்விட்டாள். மாளவிகா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து ஏதாவது வருமா என்று. அவர் அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

கேட் வரைக்கும் மாளவிகா கூட வந்தாள்.

"தான் சொன்னது தப்புன்னு அவர் சொல்ல மாட்டார் மேடம். எனக்குத் தெரியும்."

"என்னால ஆனது இவ்வளவுதாம்மா."

"நீங்க வந்தேளே." அவள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். "முதல்ல எனக்கு உங்க மேல கோபம் வரல. இப்ப வருது. ரொம்ப வருது. ஆனா வந்தேள்."

ஷீலா தலையை ஆட்டினாள். வெயிலில் நடந்து கடைக்குத் திரும்பினாள். இரண்டு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அவள் எந்திரத்தை மறுபடி போட்டாள்.

ஆனியில் அந்தக் கல்யாணம் நடந்தது. கடைக்கு வருகிற யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் ஷீலாவுக்குத் தெரிந்தது. பெண் பஹ்ரைனுக்குப் போய்விட்டாளாம்.

தோத்தாத்ரி வீட்டுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அவள் எபியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாம வுட்டிருந்தா அந்தப் பொண்ணு நிம்மதியா போயிருக்கும்," என்றான்.

"போயிருக்குமா?"

எபி எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். ஷீலா படியில் உட்கார்ந்து, தகடு வைத்த இடத்தைத் தவிர்த்து, மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள்.